வெயில் பக்கம், நிழல் பக்கம்

ஜூன் 4

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ தைத்து அனுப்பிய தலையணையை உன் தம்பி பெண்டாட்டி தானே வைத்துக்கொண்டாள். எனக்குப் பழையதுதான்.

மாநகராட்சித் தாள் வந்து சேர்ந்தது. நம் மெத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கிற மனையைக் கொடுத்தால், அதே அளவு இடம் சந்தைத் தெருவில் தருவார்களாம். நம் மனையையும் பக்கத்தில் அவர்கள் ரோடு ரோலர் நிறுத்தும் யார்டையும் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டுவார்களாம். நம் மனை நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். எனக்குக் கை வரவில்லை, அக்கா.

அப்பா பஞ்சைப் பரப்பிக் காயவைத்த இடமல்லவா அது? நான் சைக்கிள் பழகியதும் அங்கேதான். விழுந்தாலும் பஞ்சின்மேல் விழுவேன். அதற்கு அப்பாவிடம் வாங்கிய அடிதான் வலிக்கும். பாடப் புத்தகத்தைத் திறந்தால்கூடப் பஞ்சு பறக்கும். வாத்தியார் எனக்குப் 'பஞ்சுமூட்டை' என்று பட்டம் கட்டியதே அதனால்தான். கண்ணை மூடுவதற்குள் ஒருதரமாவது அந்த வெயிலில் வந்து நிற்க வேண்டும்.

அதையெல்லாம் எழுதி மாநகராட்சி மன்றத்துக்கு ஆட்சேபம் அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

ஜூன் 27

பஞ்சுமூட்டைக்கு,

செய்வதையும் செய்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே என்றால் கோபம் வராதா? நன்றாகவே வந்தது. ஆறட்டும் என்று இருந்து இப்போதுதான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மன்றத்தில் சத்தமாகப் படித்தார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வயதான உறுப்பினர் ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம்யா, மனசு உருகி எழுதியிருக்காரு. நாம வேற இடம் பாத்துக்கலாமே" என்றார். வேறு இடம் என்றால் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

அப்போது சர்வேயர் வரைபடத்தோடு எழுந்தார்.

"ஐயா, ஒரு விஷயம். பஞ்சு காயப்போட்டதா இவர் எழுதியிருக்கிற இடம் நம்ம யார்டு. எப்பவுமே நம்மளோடதுதான். இவங்க மனை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு. பழைய ரோடு ரோலர் நிக்குதே, அந்த எண்ணெய்க் கறை பிடிச்ச இடம்."

மன்றமே சிரித்தது. மூக்கைச் சிந்தியவர்தான் அதிகம் சிரித்தார்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. நீ அப்போது கைக்குழந்தை. நம் மனையில் நாள் முழுக்கப் பக்கத்துக் கிடங்கின் நிழல் விழும். பஞ்சு காயாமல் அப்பா புலம்புவார். யார்டு ரோலர்காரருக்கோ வெயிலில் இரும்பு இருக்கை கொதிக்கும், உட்கார முடியாது. "அண்ணே, வெயிலை நீங்க எடுத்துக்குங்க, நிழலை எனக்குக் குடுங்க" என்றார். ஒரு டீயில் பேச்சு முடிந்தது. இரண்டு பேருமாக இடத்தை மாற்றிக்கொண்டு, வேலியைப் பிடுங்கி மாற்றி நட்டார்கள். மாநகராட்சி இத்தனை கூட்டம் போட்டும் முடியாததை அவர்கள் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

ஆகவே உன் இடத்துக்கு உன் கையெழுத்தே தேவையில்லை. என் இடத்துக்குத்தான் வேண்டியிருக்கிறது.

ஆமாம், அது என் இடம். அம்மாவுக்குக் கை முடியாமல் போனதும், "பொம்பளப் புள்ள பெரிய ரோட்டைத் தாண்டிப் போக வேணாம்" என்று சொல்லி, அப்பா என்னை ஐந்தாவதோடு நிறுத்திப் பஞ்சு அடைக்க உட்காரவைத்தார். உன்னை ரோலர்காரர் தன் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப் போனார். சாயங்காலம் நீ பையை வீசிவிட்டு விளையாட ஓடியதும், உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் ரோலர்மேல் ஏறிவிடுவேன். எழுத்து மங்கும்வரை படிப்பேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். உன்னிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இந்தத் தெருப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டாமல் படிக்க வேண்டும். பள்ளி மணி நம் கடைக்குக் கேட்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். ஜூலைக் கடைசியில் மறுபடி கூட்டம். உன் கையெழுத்து இல்லையென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

உன் பெண்டாட்டிக்கு இன்னொரு தலையணை அனுப்பியிருக்கிறேன். உனக்குக் கிடையாது.

அக்கா

ஜூலை 15

என் அக்காவுக்கு,

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்று, கையெழுத்தும் போட்டு, மாநகராட்சிக்கு அனுப்பிவிட்டேன். ஊரான் மண்ணுக்கு ஒப்பாரி வைத்திருக்கிறேன் பார். இவள் சிரித்து இன்னும் ஓயவில்லை.

நானும் சிரித்தேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் புத்தகங்களில் இருந்த பஞ்சு காற்றில் வந்து ஒட்டியது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரிதான் நான் முதல்முறையாகத் திறந்து பார்க்கும் பாடங்கள் உண்டு. அவற்றிலும் பஞ்சு இருந்தது, அக்கா.

முதல் மணி அடிக்கிற அன்றைக்கு நான் கடையில் உன் பக்கத்தில் இருப்பேன். எனக்கும் ஒரு தலையணை தைத்து வை.

தம்பி