ஒரு பல் கூடுதல்

இன்று காலை பதுளையில் பைக்கின் சங்கிலியை மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் எஞ்சின் ஓரத்து மூடியைக் கழற்றினார். பழைய கிரீஸ் வாடை முகத்தில் அடித்தது. சங்கிலியை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிஸ், இதுல ஒரு பல்லு கூட இருக்கே. யாரு போட்டது?"

எங்கள் வீட்டுக்காரர் என்று உங்களைச் சொன்னேன். அவரையே ஒருநாள் கூட்டி வரச் சொன்னார். நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். புதுப் பல்சக்கரமும் அதே அளவில் போடச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன்.

இந்த டர்ட் பைக்கை நீங்கள் லொறியில் ஏற்றி வந்த அன்று நான் உங்களோடு பேசவே இல்லை. நமுனுகுல தோட்டத்து மேல் டிவிஷனுக்கு என் ஸ்கூட்டி ஏறாது. நடந்து போனால் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிடும். மருத்துவமாதுக்கு மலை ஏறும் வண்டி வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, பந்தயத்தில் ஓடிய வண்டியை வாங்கி வந்துவிட்டீர்கள். தெமோதரையில் போறணை அடுப்பில் பாண் ரொட்டி சுடுகிற உங்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? இரண்டாம் கியருக்கு மேல் போடவே பயப்படுகிறவர் நீங்கள்.

கைப்பிடியைத் தொட்டாலே அது பாய்ந்தது. ஏற்றத்துக்குப் பின்னால் பெரிய பல்சக்கரம் போட வேண்டும் என்று கூட்டாளிகள் சொன்னார்கள், போட்டீர்கள். அது இன்னும் மோசமானது. இழுவை கூடியதில், கொஞ்சம் திருகினாலும் ஈர மண்ணில் பின்சக்கரம் வெறுமனே சுழன்றது. மூன்றாம் நாள் போறணைக்குக் கிட்டவே வண்டியோடு தேயிலைக்குள் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். கை மாவைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தீர்கள். எனக்கு முழங்கை சிராய்ப்புதான். நீங்கள்தான் கான் ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கினீர்கள்.

"வித்துருவோம் புள்ள."

"வித்துட்டு நடந்து போகவா? அது கோவத்த கொறைக்க வழி பாருங்க."

அதற்குப் பிறகு போறணை வேலை முடிந்ததும் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்து, பின்னால் பழையதையே மாட்டி, முன்னால் இருந்த சின்னதுக்குப் பதிலாக ஒரு பல் கூடுதலானதைப் போட்டீர்கள். மலைக்குப் போகிற வண்டியில் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறார் என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். "பலம் கொறையாது புள்ள. ஒரேயடியா வராம மெதுவா வரும், அவ்வளவுதான்" என்றீர்கள்.

மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு கியரும் நீண்டு ஓடியது, சக்கரம் மண்ணைப் பிடித்தது. செங்குத்தான வளைவுகளில் மட்டும் கிளச்சைப் பாதி பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. அது எனக்குப் பழகிவிட்டது. உங்கள் பயம் மட்டும் போகவில்லை. நான் இறங்கும்போது சிக்னல் கிடைக்கிற முதல் வளைவில் ஃபோன் அடிக்கும். எறங்கிட்டியா என்று கேட்பீர்கள்.

நாலு மாதத்துக்கு முந்திய அந்த நாளில் மழை. மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தது. மேல் லயத்து வீடுகளில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள். தேயிலைக்குள்ளால் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். அவளுடைய காம்பரா அறையிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். வண்டி ஒருதரம்கூட வழுக்கவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இறங்கி வந்தேன். வளைவில் ஃபோன் அடித்தது. உங்கள் நம்பர்.

"எறங்கிட்டேங்க. ஒண்ணும் ஆகல" என்றேன்.

கேட்டது உங்கள் தம்பியின் குரல். "மதினி, அண்ணன் போயிட்டாரு."

போறணைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்களாம். அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். நெஞ்சு நின்றுவிட்டது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அது விளங்கவில்லை. "மழையில போனது நான். அவரு போறணையிலதான இருந்தாரு" என்று டொக்டரிடம் சொன்னேன், ஃபாதரிடம் சொன்னேன், கல்லறைத் தோட்டத்தில் கையைப் பிடித்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஏதோ ஆளை மாற்றிவிட்டார்கள், எடுத்துச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்பதைப்போல. அந்த வளைவிலிருந்து பதுளை வரைக்கும் வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்பது இன்றுவரை ஞாபகத்தில் இல்லை.

இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் ஏறுகிறேன். அன்று பிறந்த பிள்ளை குப்புற விழப் பழகிவிட்டது. இறங்கும்போது அந்த வளைவில் எஞ்சினை நிறுத்துகிறேன். கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள், மிஸ் ஃபோன் பேசுகிறார் என்று நினைத்து விலகிப் போவார்கள். எறங்கிட்டேங்க என்று சொல்கிறேன். சொன்ன பிறகும் உடனே கிளம்ப முடிவதில்லை. நீங்கள் ஃபோனை வைத்த பிறகுதான் நான் வைப்பேன், எப்போதும் அப்படித்தான்.