அப்பாவின் காரில் நான் போட்ட இன்ஜின்

அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? எனக்கு இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

போன வாரம் பட்டறையில் ஒரு கூத்து. பெரிய இன்ஜின் மாற்றிப் போட்ட கார் ஒன்றைக் கட்டியிழுத்து வந்தார்கள். மேடு ஏறும்போது இழுவை நின்று, பின்னால் உருண்டு முட்டியதாம். திறந்து பார்த்தோம். கியர்பாக்ஸ் பழைய சின்ன இன்ஜினுக்கானது. பெரியதன் பலத்தைத் தாங்காமல் மூன்றாம் கியரின் பற்கள் உதிர்ந்து எண்ணெயில் கிடந்தன. "எந்தப் புத்திசாலி பார்த்த வேலை இது?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்பா சவாரி ஓட்டும் நம் வாடகைக் காரில், பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்டுப் பெரிய இன்ஜினைப் போட்டு நான் செய்ததும் அதே வேலைதான் அம்மா. போல்ட் துளைகள் பொருந்தியதும் எல்லாமே பொருந்திவிட்டதாக நினைத்துவிட்டேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "போடா, வண்டி குதிரை மாதிரி இழுக்குது" என்று சிரிக்கிறார். ஏறுகிறவர்களிடமெல்லாம் "என் பையன் போட்ட இன்ஜின்" என்று பெருமை வேறு. அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

தினமும் காலையில் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா பார். மலைப்பாதைச் சவாரி என்றால் சாவியை ஒளித்துவை. அப்பா கத்தினால் பழியை என்மேல் போடு. கடைத்தெருவுக்கு அவரோடு போகும்போது எனக்குப் போன் போட்டு, கியர் பக்கம் பிடி. பேசக்கூட வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். இறங்கியதும் மறுபடி கூப்பிடு.

மேஸ்திரி கூப்பிடுகிறார். அந்தக் காரை ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் இன்னும் நான் கேட்கவில்லை.

உன் மகன்