இடது காதைத் திறந்து வைத்தவனுக்கு

மச்சான்,

உன் மகளின் இடது காதில் கூர்மையான ஒலிகள் கேட்பது குறைந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் அவளைச் சோதித்த செவிப்புல நிபுணர். எனக்குச் சொன்னவள் அவளே, இன்று காலை, நீங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், உங்கள் வீட்டுச் சமையலறையில். அவள் சொல்லும்போது, நீ சுடும்போது போடும் காதுமூடி மேசையில் கிடந்தது. வலப்பக்க மெத்தை வியர்வையில் வெடித்துப் போயிருக்கிறது. இடப்பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த அதே வழவழப்பு.

அவள் சுடப் போகிறாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. மாசியில் நீ மாரடைப்பில் போன பிறகு வாத்து வேட்டையும் உன்னோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அவளோ தன் பெயரில் உரிமம் எடுத்து, வார இறுதிகளில் காற்றில் வீசும் மண்தட்டுகளைச் சுட்டுப் பழகியிருக்கிறாள், இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டு.

"ஏனம்மா?" என்று கேட்டேன்.

"வாப்பா அப்படித்தானே செய்வார், அங்கிள். டக் எங்க விழுதெண்டு கேக்கணுமே. இப்பவே பழகினாத்தான்."

அந்தக் காரணம் எனக்குத் தெரியும். சுடும்போது இறைவன் பெயரைச் சொல்லுவாய். ஆனாலும் வாத்து விழுந்ததும் உயிர் போவதற்குள் ஓடிப்போய், மறுபடி பெயர் சொல்லி, கத்தியால் அறுத்தால்தான் உனக்கு நிம்மதி. நாணலுக்குள் அது சிறகடிக்கும் சத்தமே உனக்கு வழிகாட்டி. அறுக்கத்தான் வேண்டுமா என்று பள்ளிவாசலில் கேட்டுப் பார்த்தாயா என்றேன். "கேட்டா ஒருத்தர் ஒண்டு சொல்லுவார், மத்தவர் வேற சொல்லுவார். அறுத்துட்டா ஒருத்தரையும் கேக்கத் தேவல்ல" என்றாய்.

உன் துவக்கின் கட்டை வலது தோளில் இருக்கும். அப்போது குழல்வாய்க்குக் கிட்ட வருவது இடது காது. வலது காதுக்கு உன் தலையே பாதி மறைப்பு. நீ திறந்து வைத்தது, அதிகம் மூடியிருக்க வேண்டிய காதை.

என் விஷயத்தில் நீ வேறு ஆள். நான் காதுக்குள் நுரைப்பஞ்சைச் செருகி, மேலே மூடியையும் போடும்வரை தோட்டாவைத் தொடமாட்டாய். "ரெண்டையும் மூடுடா. நீ செய்திக்காரன், கேக்கிறதுதான் ஒன்ட தொழில். காது போனா யாரு ஒனக்குச் சோறு போடுற?"

"அப்ப உன்ரை காது?"

"நான் குழாய் பூட்டுறவன். குழாய் கதைக்காது."

போன இலையுதிர்காலக் காலை உனக்கு நினைவிருக்கும். நீ சுட்டாய், வாத்து விழுந்தது. நான் மூடியைக் கழற்றினேன். இடப்பக்க நாணலில் அது படபடத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீ கத்தியோடு வலப்பக்கம் போனாய். முழங்கால் தண்ணீரில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கத்திக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கிட்ட வந்து தோளைத் தொட்டுத் திசையைக் காட்டுவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. "பிந்திட்டம்" என்றாய். அந்த வாத்தை என்னிடம் தந்தாய். உன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த முறையும் இடது காதைத் திறந்தே வைத்திருந்தாய். அந்தக் காதுக்குக் கேட்காது, அதற்கு இனி வேலையில்லை என்று உனக்குத் தெரிந்திருந்ததே. பிறகு ஏன்? பலவிதமாக யோசித்துவிட்டேன். எந்தப் பதிலும் உன்னோடு பொருந்தவில்லை.

இன்று குழப்பம் கூடியதுதான் மிச்சம். "பாக்கக் கூடப் போறப்ப ரெண்டு பக்கமும் போடு எண்டு இவளுக்கு எத்தனை தரம் ஏசினவர்" என்றார் உன் மனைவி.

"இல்ல உம்மா, வாப்பா ஒண்டுமே சொல்லல்ல. அவரைப் பாத்துத்தான் நான் பழகின."

"சொன்னவர். ஒனக்குத்தான் கேக்கல்ல."

"எனக்கா? வாப்பாக்குத்தான் கேக்காது!"

மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு உன் மனைவி குழாயைத் திறந்து, கழுவி வைத்த கோப்பையையே மறுபடி கழுவினார்.

இரண்டு பேர், இரண்டு விதமாக. என் தொழிலில் இப்படி வந்தால் மூன்றாவது ஆளைத் தேடுவேன். இங்கே அந்த ஆள் நீ.

மகளிடம் சொன்னேன்: மைக் வைத்த காதுமூடி இருக்கிறது. வெடிச்சத்தத்தை அமுக்கும், சிறகடிப்பைக் கூட்டித் தரும். இரண்டு காதையும் மூடிக்கொண்டே வாத்தைத் தேடலாம்.

"வாப்பாக்கு அது தெரியுமா?"

தெரியும் என்றேன். கடையில் உனக்குக் காட்டியவன் நான்தான். "பற்றரி செத்தா வாத்தும் செத்திரும்" என்று சிரித்துவிட்டு வந்தாய்.

"அப்ப ஏன் அங்கிள் வாங்கல்ல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது மட்டும் உறுதியான தகவல்.

இந்த வயதிலும் என் இரண்டு காதும் ஒழுங்காகக் கேட்கின்றன. அது நீ தந்தது. அதனால்தான் அவள் கேட்ட கேள்வி ஓரிடமும் மங்காமல் இன்னும் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறது.

சோதனைக்கு முதல்நாள்தான் அவள் சுட்டிருக்கிறாள். ஆகவே இது தற்காலிக மந்தமாகவும் இருக்கலாம், திரும்பி வராத இழப்பாகவும் இருக்கலாம் என்கிறார் நிபுணர். இரண்டு வாரம் துவக்கைத் தொடாமல் இருந்த பிறகு மறுபடி சோதிப்பார். அதுவரை தொடமாட்டேன் என்று ஒத்துக்கொண்டாள். அதன் பிறகு இடப்பக்கத்தை மூடுவாளா என்று கேட்டேன். உன் காதுமூடியை எடுத்து, இடப்பக்க மெத்தையை விரலால் தடவினாள். மறுசோதனை அந்த இரண்டு வாரம் முடிந்து வரும் வியாழன் காலை. நான்தான் கூட்டிப் போகிறேன்.