பால் ஜாயின்ட் மாற்றிய மத்தியானம்

மச்சான்,

இன்று காலை ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு பட்டறையில் வண்டியை நிறுத்தினேன். மெக்கானிக் முன்சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "பால் ஜாயின்ட் ரெண்டும் போயிடுச்சு சார், இன்னைக்கே மாத்திடலாம்" என்றார். கிழிந்த ரப்பர் உறைக்குள்ளிருந்து வழிந்த பழைய கிரீஸின் வாசனை மூக்கில் ஏறியது. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்துவிட்டேன். ஜாக்கி ஏறும் சத்தம் கேட்கிற தூரத்தில் இப்போதெல்லாம் என்னால் நிற்க முடிவதில்லை. இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்வரும் உங்கள் பிக்கப் வண்டி, மேடு பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று அடிக்கும். அதற்கும் முன்சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயின்ட்தான் போயிருந்தது. டவுன் பட்டறையில் இரண்டு நாள் வண்டியை விடச் சொன்னார்கள். உங்களுக்கோ மறுநாள் விடியற்காலையில் தக்காளி லோடு. நான்தான் பெருமையடித்தேன். ஓசூரில் பேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் இல்லையா? "இதென்ன மச்சான் பெரிய வேலை, வீட்லயே மாத்திப்புடலாம்" என்றேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரன் பேச்சை உங்கள் ஊரில் எல்லோரும் வேடிக்கையாகத்தான் கேட்பார்கள். உங்கள் தங்கையைக் கட்டி ஆறு வருஷமாகியும் எனக்கு அந்தப் பேச்சு மாறவில்லை.

இடப்பக்கம் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. வலப்பக்கம் பிடிவாதம் செய்தது. நட்டைக் கழற்றியும் பழைய ஜாயின்ட் விடவில்லை. நான் சுத்தியலால் அடித்த அடியில் வண்டியே குலுங்கியது. ஜாக்கியின் அடியில் மண் இளகியிருந்ததால் செங்கல் வைத்திருந்தோம். கழற்றிய சக்கரத்தைப் பார்த்து, "இதை அடியில படுக்கப் போட்டுடலாமா மாப்ள?" என்று கேட்டீர்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் நின்றுவிடும். "அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்கு மச்சான்" என்றேன் நான்.

உச்சி வெயில். வேப்பமரத்து நிழல் கூட அடிமரத்தோடு சுருங்கிக் கிடந்தது. மாடுகள் அசைபோடவில்லை. உங்கள் வீட்டம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, புது ஜாயின்டின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் சக்கரம் இருந்த இடத்தில் குந்தியிருந்தேன். நட்டு கழலாமலிருக்கக் கடைசியாக மாட்ட வேண்டிய காட்டர் பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஸ்பேனரை வைத்துவிட்டு, "வர்றேன் இரு மாப்ள" என்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகை இழுத்து இழுத்து அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக வெளியேறினீர்கள். உங்கள் பாதம் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செங்கல் உடைந்தது. வண்டி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. உங்கள் தலை இருந்த இடத்தில் சாக்கு மண்ணோடு மண்ணாக அழுந்திக் கிடந்தது.

தொட்டிப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்தீர்கள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டீர்கள்.

"நீ இங்கியா இருக்கற?"

நான் வாயிலிருந்து பின்னை எடுத்தேன். "எங்கிட்டும் போகலையே மச்சான்."

"தொட்டிகிட்ட நின்னு கூப்பிட்டியே. மச்சான், இங்கிட்டு வாங்கன்னு."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தோம். அங்கே யாரும் இல்லை. நீங்கள் என் கையிலிருந்த பின்னைப் பார்த்தீர்கள். அதன் மேல் என் எச்சில் ஈரம் காயாமல் இருந்தது.

சில வாரம் கழித்து, சந்தைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினீர்கள். "அதை ஒருவாட்டி சொல்லு மாப்ள" என்றீர்கள். "மச்சான், இங்கிட்டு வாங்க" என்று சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினீர்கள். "குரல் இதேதான். ஆனா நீ பேசறப்போ நடுவுல மூச்சு வாங்கற. அது வாங்கல." சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினீர்கள்.

பதினோரு மாதம் போயிற்று. நான் காலை ஷிப்டில் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். கேட்டிலிருந்து ஆள் வந்து போன் என்றான். நான் வந்து சேர்ந்தபோது உங்களை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தோட்டத்து வரப்பில் குப்புற விழுந்து கிடந்தீர்களாம். டாக்டர் மாரடைப்பு என்றார். அப்படித்தான் இருக்கும்.

அக்கா அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எதுக்கு தம்பி அவரைக் கூப்பிட்ட?"

"நான் டூட்டியில இருந்தேன் அக்கா."

"பாதிச் சோத்துல எந்திரிச்சாரு. மாப்ள வந்திருக்கான்னு சொல்லிட்டு ஈரக்கையோட போனாரு. அவரு மட்டுமா கேட்டாரு, நானுந்தான் கேட்டேன். இங்கிட்டு வாங்கன்னு இந்த ஊர்ல வேற யாரு தம்பி சொல்லுவா?"

என்னோடு வந்திருந்த சூப்பர்வைசர், நான் காலை ஆறு மணியிலிருந்து அவர் கண்ணெதிரேதான் இருந்தேன் என்று சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டார். "நம்பறேன் சார். தம்பி அங்கதான் இருந்திருக்கும். குரலும் தம்பியோடதுதான்" என்றார்.

இன்றுவரை அக்கா என்னிடம் ஒரு குறை வைத்ததில்லை. போனால் சோறு போடுகிறார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் நான் பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, உதட்டையே பார்க்கிறார்.

அந்தக் குரல் எது என்று யோசிப்பதை நான் விட்டுவிட்டேன் மச்சான். முதல் தடவை உங்களை இழுத்து வெளியே விட்டதும் அதுதான், இரண்டாம் தடவை வரப்புக்குக் கூட்டிப்போனதும் அதுதான். நன்றி சொல்வதா பயப்படுவதா என்று தெரியவில்லை. என்னை உறுத்துவது வேறு. வண்டி சாய்ந்த சத்தம் கேட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்து, "சக்கரத்தை அடியில போடாம எந்தக் கூறுகெட்டவன் வேலை பார்த்தது?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, "நான்தான் வேணாம்னேன்" என்றீர்கள். பதினோரு மாதமும் அதைத் திருத்தவில்லை. உங்களை அவசரக்காரர் என்றுதான் அக்கா இன்றும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வருகிற ஞாயிறு ஊருக்குப் போகிறேன். வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று அக்காவிடம் சொல்லப்போகிறேன். வாசலில் நின்று குரல் கொடுக்க மாட்டேன். உள்ளே போய், அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.