மடித்து வைத்த இரண்டாம் பக்கம்

வெள்ளவத்தை
ஞாயிறு, அஸர் தொழுதுவிட்டு

அன்பு மகள் ஷிம்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், அடிலெய்ட் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உம்மாவின் முழங்காலுக்கு மாடிப்படியோடு மட்டும் கோபம், லிஃப்ட் ஓடுகிற நாட்களில் சமாதானம். கடல் காற்றுக்குப் பல்கனிக் கம்பி மறுபடியும் துருப்பிடித்துவிட்டது, போன மாதம்தான் பெயின்ட் அடித்தேன். பெரியும்மாவின் மகன் அப்ஹாம் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் பெட்டிக்குள் உம்மா மாசிக் கருவாடு வைக்கப் பார்க்கிறா, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னால் கேட்கிறாவா. இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுத்துவிடுகிறேன்.

இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன் மகள். மூன்று தரம் எடுத்து, ஹீட்டர் போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு மூன்று தரமும் வைத்துவிட்டேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று நீயும் கேட்டாய், சளி என்றேன். சளி ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, ஒருகொடவத்தையில் நம்முடைய ஜெனரேட்டர் யார்டுக்குப் போகிறேன், பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்புகிறேன், போன் அடித்தால் உனக்கு யாரோ இங்கே பேப்பரில் வந்ததைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். உம்மாவும் உன்னிடம் வாய் திறக்கவில்லை, நானே சொல்ல வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறா.

ஆறு மாதத்துக்கு முன் கூரைகளில் போடுகிற சோலாரைப் பற்றி உன்னிடம் கேட்டேனே, என்னென்ன குறை இருக்கிறது, மறைக்காமல் எழுது என்று. வாப்பா சோலாருக்கு மாறப் போகிறார் என்று சந்தோஷப்பட்டு, போனில் வாசிக்க எனக்குக் கஷ்டம் என்று இரண்டு தாளில் கைப்பட எழுதி அனுப்பினாய். முதல் பக்கம் முழுக்கக் குறைகள். நடுப்பகலில் தேவைக்கு மேல் மின்சாரம் வந்து வலையமைப்புத் திணறும், எல்லாரும் வீடு திரும்பி லைட் போடுகிற நேரம் வெயில் இருக்காது, சித்திரைப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடினால் கூரையில் இருப்பதை அணைத்து வைக்கச் சொல்ல வேண்டி வரும், கடற்கரைப் பக்கம் சோலாரைத் தாங்கும் உலோகச் சட்டங்கள் உப்பில் அரித்துப் போகும். எல்லாம் நீ எழுதியதுதான், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. எங்கள் ஜெனரேட்டர் வியாபாரிகள் சங்கத்தின் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எழுந்து நின்று வாசித்தேன். அடிலெய்டில் மின்சார எஞ்சினியராக இருக்கிற என் மகளே சொல்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், கை தட்டினார்கள். இரண்டாம் பக்கத்தை அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

சங்கத்தின் வழக்கம் உனக்குத் தெரியாது. செயலாளர் எழுந்து வாசிப்பதெல்லாம் பதிவில் ஏறும், பதிவில் ஏறியது மனுவோடு இணைப்பாகப் போகும். பதினொரு வருஷமாகச் செயலாளராக இருந்துகொண்டு எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா. கூரை சோலாரோடு கரண்டைச் சேமிக்கிற பற்றரி வைக்கிறவர்களுக்குச் சலுகை கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஆட்கள் அரசாங்கத்துக்கு எழுதிய மனுவில் உன் பக்கத்தை டைப் அடித்து, உன் பெயரும் பட்டமும் போட்டு அனுப்பிவிட்டார்கள், பேப்பருக்கும் கொடுத்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை உனக்குப் படிப்பித்த யோசெப்பின் டீச்சர் அந்தப் பேப்பரோடு மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தா. எங்கட ஷிம்னா இப்பிடிச் சொல்லுவாளோ, ஸ்கூல்ல கண்ணாடித் துண்டு ஒட்டி வெயில்ல முட்டை அவிச்சுக் காட்டின பிள்ளையல்லோ என்று வாசலிலேயே நின்று கேட்டா. நான் பதில் யோசிக்க முதல் உம்மா உள்ளே போய், கடை கேரண்டிக் கார்டுகள் வைக்கிற ஃபைலிலிருந்து உன் இரண்டாம் பக்கத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தா. புள்ள ரெண்டு பக்கம் எழுதி ஈக்காளே, நீங்க ஏன் ஒண்ட மட்டும் வாசிச்ச என்றா. டீச்சர் தேத்தண்ணி குடிக்காமல் படியேறிப் போய்விட்டா.

இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று மேலே எழுதினேன். அது பொய். வெட்டிவிட்டு வேறு தாளில் எழுதலாம், ஆனால் எனக்கு எவ்வளவு லேசாகப் பொய் வருகிறது என்று நீயும் பார்க்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்றைக்கே யார்டில் ஒரு ஜெனரேட்டரில் சாய்ந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். இரண்டாவதில் ஒவ்வொரு குறைக்கும் வழி எழுதியிருந்தாய், நடுப்பகல் மிச்சத்தைப் பற்றரியில் பிடித்து மாலைக்குக் கொடுப்பது, தண்ணீர் பம்ப், ஐஸ் தொழிற்சாலை, வாகன சார்ஜ் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றுவது, துருப்பிடிக்காத கொக்கி போடுவது என்று. ஒருநாள் கொழும்பில் மத்தியான மின்சாரம் கிணற்றுத் தண்ணீர் போல ஆகிவிடும், கரண்ட் பில்லைப் பார்த்து யாரும் விசிறியை அணைக்க மாட்டார்கள், மழைக்காலத்திலும் லிஃப்ட் நிற்காது, காலி வீதிக் கடை வாசல்களில் டீசல் புகை இருக்காது என்றும் எழுதியிருந்தாய். நானும் கண்ணை மூடி அந்தக் காலி வீதியைப் பார்த்தேன் மகள். நல்ல வீதிதான். ஆனால் அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடினேன், என்னைக் காணவில்லை. பயந்து போனேன்.

பன்னிரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். யார்டுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள், நாட்டுக்கு விடிந்தால் எனக்கு வியாபாரம் இல்லை என்ற நிலை, இருட்டுத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நம்முடைய பல்கனியில் ஓடிய ஜெனரேட்டர் வெளிச்சத்தில் படித்துத்தான் நீ அடிலெய்டுக்குப் போனாய். அப்படிப்பட்ட சாமானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கடைசியில் நீ எழுதியிருந்த வரி எனக்குச் சுட்டது. அந்தப் பற்றரிகளைப் பார்க்கவும் நட்டு இறுக்கத் தெரிந்த கைகள் வேண்டும், உங்களைப் போல ஆட்கள் வேண்டும் வாப்பா என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் முதலாளியாக இருந்தவனை நட்டு இறுக்க வரச் சொல்கிறாளே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மடித்து ஃபைலில் வைத்தேன். நீ என்னைக் கூப்பிட்டாய் என்பது இப்போதுதான் விளங்குகிறது, அன்றைக்கு மட்டம் தட்டுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சங்கத் தலைவர் சத்தியநாராயணனிடம் போய், மகளின் பெயரை எடுக்க வேண்டும் என்றேன். போனது போனதுதான் ஸமீம் நானா, புள்ள அங்க இருக்கு, இங்கத்தப் பேப்பர யாரு அங்க பாக்கப் போறாங்க என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவரிடமும் முப்பது பேர் வேலை செய்கிறார்கள், என்னைப் போலத்தான் பயந்து போயிருக்கிறார். செயலாளர் புத்தகத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். உம்மாவிடம் சொன்னேன், இது எப்பவோ செய்ய இருந்த வேல என்று மட்டும் சொன்னா, அன்றைக்குப் பகல் சோற்றுக்கு மீன் ஆணம் நன்றாக வைத்திருந்தா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி அந்த மனு பற்றி அரசாங்கத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம் வைக்கிறார்கள், யாரும் எழுதி அனுப்பலாம். உன் இரண்டாம் பக்கத்தை நானே போய் வாசிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன், உன் பெயரை உன்னிடம் கேட்காமல் ஒருதரம் எடுத்தேன், திருப்பித் தருகிறேன் என்று இன்னொரு தரம் கேட்காமல் எடுக்கக் கூடாது. அதனால் உன் தாள் இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நீயே எழுது. முழுதாக எழுது, நீ சொன்னதில் பாதியை மறைத்தார்கள் என்று எழுது. வாப்பாவுக்கு வெட்கமாகப் போகும் என்று "ஒரு வியாபாரி" என்று எழுதிவிடாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும். மறைத்து வாசித்தது என் வாப்பா ஸமீம் என்று என் பெயரைப் போடு. எழுத விருப்பம் இல்லாவிட்டால் அதையும் சொல், நான் வற்புறுத்த மாட்டேன். இருபதாம் தேதி எப்படியும் அந்தக் கூட்டத்துக்குப் போவேன். நீ அனுப்பியதை அங்கே யாராவது வாசித்தால், என் பெயர் வருகிற இடத்தில் எழுந்து நிற்பேன்.

அல்லாஹ் உன் கண்ணுக்கும் கைக்கும் பரக்கத் செய்வானாக, உன் பெயரை யாரும், நான் உட்பட, கெடுக்காமல் காப்பானாக. குளிரில் வெறும் காலோடு நடக்காதே, வேலைக்குப் போக முதல் ஏதாவது சாப்பிடு. மாசி வந்து சேர்ந்தால் உம்மாவிடம் சொல், வராவிட்டாலும் வந்தது என்றே சொல்.

இருபதாம் தேதி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா
மு. இ. ஸமீம்
(செயலாளர் என்று பழக்கத்தில் எழுதப் போனேன், இனி அது இல்லை)