கரிப்பேணியும் ஒரு பொய்யும்

அத்தான்,

நேற்று உங்கள் காரின் மேல் கிடந்த போர்வையை எடுத்தோம். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாக அது அசையவேயில்லை. அக்கா விற்கச் சொல்லிவிட்டாள். ஓடுகிறதா என்று பார்க்க உங்கள் மகன் உள்ளே ஏறிச் சாவி ஓட்டையில் திறப்பைப் போட்டான். கராஜ் வாசலில் நின்ற எனக்கு அந்த மணம் வந்தது. கால்கள் தாமாகவே பின்னுக்குப் போய்விட்டன. அறுபது வயது தாண்டியும் பெற்றோல் மணந்தால் முதலில் முடிவெடுப்பது என் கால்கள்தான்.

எண்பத்து நாலில் இந்த நாட்டுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். அதற்கு முதல் வருடம் கொழும்பில், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் சாமான் அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்துகொண்டு, கலவரக்காரர் எங்கள் வீட்டு வாசலில் ஊற்றிய பெற்றோலை நான் மணந்தேன். நெருப்பைக் காணவில்லை. மணம் மட்டும்தான். நீங்கள் பல வருடம் முந்தியே இங்கே வேலைக்கு வந்தவர். அந்த மணம் உங்களுக்குப் பெற்றோல் மணம் மட்டும்தான்.

மவுண்ட் ஆல்பர்ட் மர வீட்டில் எனக்குத் தந்த அறை கராஜுக்கு நேர் மேலே இருந்தது. கீழே உங்கள் செல்லப்பிள்ளை, கிளென்ஃபீல்டில் இருந்து தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு அமெரிக்கரிடம் வாங்கிய எழுபதுகளின் கார். சனிக்கிழமைகளில் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக் களைத்துப்போவாள். நீங்கள் காரின் முன்மூடியைத் தூக்கி, பொனெற்றுக்குள் தலையை விட்டபடி "ஓம், ஓம்" என்பீர்கள், வரமாட்டீர்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பால்மாப் பேணி அளவில் ஒரு கறுத்தத் தகரப் பேணியைக் கழற்றி எடுத்தீர்கள். உள்ளே முழுக்கக் கரி.

"என்ன அத்தான் உது?"

"டாங்கியில இருந்து வாற பெற்றோல் ஆவியை இந்தக் கரி பிடிச்சு வச்சிருக்கும். பிறகு எஞ்சின் ஓடேக்க அதை உறிஞ்சி எரிச்சிடும்."

"நல்ல சாமான்தானே, ஏன் கழட்டுறியள்?"

"அமெரிக்காச் சட்டத்துக்குப் போட்டது. இஞ்ச ஆர் கேக்கிறது? கழட்டினா கார் இன்னும் நல்லா இழுக்குமாம். வேலையில ஒருத்தன் சொன்னவன்."

பேணியைச் சுவர்த் தட்டில் வைத்தீர்கள். அதற்கு வந்த ரப்பர் குழாயை அப்படியே திறந்த வாயோடு தொங்கவிட்டீர்கள். அன்று தொடங்கிப் பலகை இடுக்குகளால் மணம் மேலே வரத் தொடங்கியது. குளிர்காலத்திலும் யன்னலைத் திறந்து வைத்தேன். கட்டிலுக்குக் கீழே துணி அடைத்தேன். உங்களிடமும் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை மச்சாள். கொழும்பு இன்னும் உன்ர மூக்குக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்."

கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நீங்கள் இரக்கத்தோடு சொன்னீர்கள். அக்கா என்னை டொக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் அதே இரக்கத்தோடு, அப்படியான இடத்திலிருந்து வந்தவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்றாள். மூன்று பேர் சொன்னால் நம்பத்தானே வேண்டும். நானும் என் மூக்கை நம்புவதை விட்டேன். மணந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. நாங்கள் காலையில் புக்கெகோஹித் தோட்டக் கடைகளுக்குப் போய்ப் பூசணிக்காயும் வெங்காயமும் வாங்கி, வழியில் டாங்கியை முட்ட நிரப்பிக்கொண்டு வந்தோம். முற்றத்தில் காரை விட்டுப் பூசை செய்வதாகத்தான் எண்ணம். மழை விடவில்லை. காற்று கர்ப்பூரத்தை அணைத்துவிடும் என்று காரை உள்ளே விட்டுக் கதவையும் இறக்கினீர்கள். எஞ்சினுக்குத் திருநீறு பூசவென்று பொனெற்றைத் திறந்தீர்கள். நாலு சில்லுக்கும் கீழே நசுங்க நாலு தேசிக்காய். கர்ப்பூரத் தட்டு முன்சில்லுக்குப் பக்கத்தில், நிலத்தில். அக்காவின் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை.

நீங்கள் நெருப்புப் பெட்டியை எடுத்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். 'நல்ல நாளும் அதுவுமா தொடங்காதை' என்ற பார்வை அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

'வுப்' என்று ஒரு சத்தம். நீல நெருப்பு நிலத்தோடு நிலமாகக் காருக்குக் கீழே ஓடியது. பிள்ளை வீறிட்டான். நான்தான் கதவுக்குப் பக்கத்தில் நின்றவள். ஆனால் என் கை கதவைத் தூக்கவில்லை. நான் மறுபடியும் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். நீங்கள் என்னைத் தள்ளிக் கதவைத் தூக்கி, அக்காவையும் பிள்ளையையும் மழைக்குள் இழுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே ஓடினீர்கள். நிலத்து நெருப்பு தானாக அடங்கியிருந்தது. அந்தக் குழாயின் வாய் மட்டும் நின்று எரிந்துகொண்டிருந்தது. சால்வையை நனைத்துப் பொத்திப் பிடித்தீர்கள்.

முற்றத்தில் ஈரத்திலேயே குந்தினீர்கள். புருவம் இரண்டும் இல்லை, வலது கை கொப்பளித்திருந்தது.

"மச்சாள், இண்டைக்கு உனக்கு மணக்கேல்லையோ?"

"இல்லை, அத்தான்."

வேறு என்ன சொல்ல? மணந்தது, ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன் என்றா? உங்கள் கூரைக்குக் கீழே இருந்தேன். விசா இன்னும் கைக்கு வரவில்லை. நெருப்புக்குப் பயந்ததை விட உங்கள் முகத்துக்குப் பயந்தேன்.

அடுத்த கிழமையே கரிப்பேணி தட்டிலிருந்து இறங்கிப் பழைய இடத்துக்குப் போனது. குழாய்களும் இறுக்கிகளும் புதிதாக வந்தன. அதோடு ஒரு வழக்கமும் வந்தது. நான் நிற்கும் நாட்களில் என்னைக் கேட்காமல் நீங்கள் திறப்பைத் திருகியதேயில்லை.

"மணக்குதோ?"

நான் குனிந்து பார்த்து "இல்லை" என்றால்தான் எஞ்சின் ஓடும். என் கலியாணத்தன்றும் கூறைச் சேலையோடு பொனெற்றுக்கு மேல் குனியவைத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் மலைத்துப்போய் நின்றார்கள். "இவளின்ர மூக்கு பொய் சொல்லாது" என்று அவர்களுக்குப் பெருமையாகச் சொன்னீர்கள். நீங்கள் அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்ப்பேன். மூக்கு பொய் சொல்லவில்லைத்தான், அத்தான்.

நேற்று உங்கள் மகன் கண்ணாடியை இறக்கி, "இட்ஸ் நத்திங், சித்தி. ஓல்ட் கார் ஸ்மெல்" என்றான். உங்கள் அதே இரக்கம், அதே சிரிப்பு. அவன் கை திறப்பில் இருந்தது. என் கால் வெளியே போகத்தான் பார்த்தது. நான் உள்ளே போனேன்.

"திறப்பை எடு! இறங்கு! இப்பவே இறங்கு!"

முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். அவன் பயந்து இறங்கினான். டோர்ச் அடித்துப் பார்த்தால், கரிப்பேணிக்குப் போகும் குழாய் வளைவில் வெடித்திருந்தது. அவன் அதைத் தொட்டு, விரலை முகர்ந்தான். பிறகு, "ஹவ் டிட் யூ நோ?" என்றான்.

"எனக்கு மணந்தது."

இந்த இரண்டு சொல்லையும் சொல்லிவிட்டுப் படியில் இருந்து அழுதேன். நான் ஏன் அழுகிறேன் என்று அவனுக்கு விளங்கவில்லை. அக்காவின் இடுப்பில் இருந்து வீறிட்டவன் அவன்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அது போகும் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் நீங்கள் அன்று மழைக்குள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

ஓம், அத்தான். நீங்கள் நெருப்புக்குச்சியை உரச முந்தியே எனக்கு மணந்தது.