குறைந்துபோன அந்த ஒரு மாத்திரை

ஜெராம், சிலாங்கூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாதவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை விஷாலினியும் அங்கே பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நானும் புஞ்சாக் ஆலாமுக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே மழுப்பிவிடுவேன் என்பதால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுக்கப் படி.

வியாழக்கிழமை நீ அழைத்தபோது, விஷாலினியின் மருந்துப் புட்டியில் ஒரு மாத்திரை குறைகிறது, குறித்த நாளுக்கு முன்னால் மருந்துக்கடையில் மறுபடி தரமாட்டார்கள், அதனால் பிள்ளை ஒரு நாள் மருந்தில்லாமல் பள்ளிக்குப் போய் டீச்சர் உன்னைக் கூப்பிட்டுப் பேசும்படி ஆகிவிட்டது என்றாய். கேட்டதற்கு அவள் கீழே போட்டுத் தொலைத்துவிட்டேன் என்றாளாம், அதற்காக வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி முகாமுக்கு அவளை அனுப்பப்போவதில்லை என்றாய். நான் சரிம்மா, பிள்ளைங்கன்னா அப்படித்தான் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மாதவி, அவள் தொலைக்கவில்லை. தொலைத்ததாக அவள் சொன்னது எனக்காக.

போன பள்ளி விடுமுறைக்கு அவள் இங்கே வந்திருந்தபோது, அம்மாவால் கார்ப் பயணம் முடியாது என்று நானும் விஷாலினியும் மட்டும் சபாக்கில் பெரியப்பா வீட்டுக்கு, அவர் மகன் வாசுவின் கைக்குழந்தை காது குத்துக்குப் போனோம் அல்லவா. நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் வாசு கல்யாணத்தில் மூன்று வயது விஷாலினி ஓடிப்போய் சீர்த்தட்டைத் தட்டிவிட்டபோது உன் பெரியம்மா நல்லம்மாள் சபையில் வைத்து, "படிச்ச குடும்பம்னு பேரு, ஒரு பிள்ளைய உக்கார வைக்கத் தெரியல" என்றார். அதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. இப்போது மருந்து எடுத்து அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து படம் வரைவதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் அழைத்துப்போனேன். ஆனால் மறுநாள் காலை பசியாறியதும் நான் மாத்திரையை எடுத்துக் கொடுக்க, அது என்ன தம்பி என்று பெரியம்மா கேட்டபோது, வைட்டமின் அண்ணி, ஆஸ்திரேலியா சாமான் என்றேன். விஷாலினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன், அவள் மாத்திரையை விழுங்கினாள். மருந்து எப்போதும் உங்கள் பையிலேயே இருக்கட்டும் என்று நீ எத்தனை முறை சொன்னாய். நான் புட்டியை ஐஸ்பெட்டியின் மேல் வைத்துவிட்டு அண்ணனோடு கோயிலுக்குப் போனேன்.

வாசுவின் மூத்தவன் பவனேஷுக்கு ஐந்து வயது, எலும்பும் தோலுமாக இருப்பான், சோற்றைக் கண்டாலே ஓடுவான். வெளிநாட்டு வைட்டமின் சாப்பிட்டால் பசியெடுக்கும் என்று பெரியம்மா அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டார். நாங்கள் மத்தியானம் திரும்பும்போது பையன் முகம் சிவந்து, ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காமல், நெஞ்சு படபடவென்று அடிக்க அழுதுகொண்டிருந்தான். வாசுவும் மனைவியும் சாமான் வாங்கப் போயிருந்ததால், அண்ணனும் அண்ணியும் விஷாலினியும் நானுமாக அவனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம். வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். சும்மா வைட்டமின்தான் டாக்டர் என்றார் பெரியம்மா. நான் அங்கேதான் நின்றேன், மாதவி. எனக்கு அந்த நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் வாய் திறக்கவில்லை. அண்ணி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷாலினிதான் நீ அவள் தோள்பையில் வைத்துவிட்ட டாக்டர் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வைட்டமின் இல்ல டாக்டர், என்னோட மருந்து. ஏடிஎச்டிக்கு. அவன் ஒண்ணு சாப்பிட்டுட்டான்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. இருமல் மருந்து என்று சொல்வதுபோல் சொன்னாள். டாக்டர் உடனே அவனை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ராத்திரிவரை வைத்துப் பார்த்தார்கள். பிழைத்தான். இப்போது நன்றாக ஓடியாடுகிறான், அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா என்னிடம், "மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா தம்பி?" என்று கேட்டார். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் அழுதுகொண்டே கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது அன்றைக்குத்தான், அதுகூட என்னால் வந்தது.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். மறுநாள் திரும்பி வரும்போது தஞ்சோங் காராங்கில் காரை ஓரங்கட்டி, இதை அம்மாவிடம் சொல்லாதே பாப்பா, அம்மா உன்னை இனிமேல் தாத்தாவிடம் அனுப்பமாட்டாள் என்றேன். "பொய் சொல்லணுமா தாத்தா?" என்று கேட்டாள். பொய் வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றேன். நீ நேரடியாகக் கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிச் சும்மா இருக்கமுடியும் என்று யோசிக்கவில்லை. பெரியப்பாவிடமும் கெஞ்சி வாயை அடைத்துவைத்திருக்கிறேன். நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

கல்யாணத்தில் பேசியது அண்ணி. நான் வெட்கப்பட்டது பேரப்பிள்ளையை நினைத்து. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு இத்தனை நாள் அண்ணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதைப் படித்து முடித்ததும் விஷாலினியைக் கூப்பிட்டு, தாத்தா சொல்லிவிட்டார், இனி நீ எதையும் மறைக்கவேண்டாம் என்று சொல். நான் நேரில் சொல்லவேண்டியது, ஆனாலும் முதலில் உன் வாயால் அவள் கேட்கட்டும். அவள் விரும்பினால் பிறகு நான் பேசுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கவேண்டும், அம்மாவும் அதையே வேண்டுகிறாள். மறக்காமல் நாளைக்கே டீச்சரிடம் பேசிப் பிள்ளையை முகாமுக்கு அனுப்பு. அடுத்த விடுமுறைக்கு அவளை இங்கே அனுப்புவதா என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். அனுப்பச்சொல்லி நான் கேட்கமாட்டேன்.

உன் அப்பா,
சிவநேசன்